பஞ்சு என்ற பூனை

துப்பறிவாளர் வீட்டு அழைப்புமணி வெகுநாளுக்குப் பிறகு அடித்தது. அவர் எழுவதற்குள் தங்கையே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவள் சமூகவியல் ஆய்வாளர். தனியாக வாழும் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் சேர்த்திருந்தாள். நாளை முதல் எந்த ஆய்வாளரும் அவற்றைக் கேட்கலாம்.

"ஒரு பெரியவரோட குரல் பதிவான மெமரி அட்டையைக் காணோம் சார். விதிப்படி என் பிரதியை அழிச்சுட்டேன். அவர் குரல் இனி எங்கேயுமே இல்ல. நாலு பேர் கேக்கட்டும்னு நம்பிப் பேசினாரு."

"என்ன பேசினார்?"

"பாவம், பாதி நேரம் பூனையைப் பத்திதான். 'பஞ்சு கோவிச்சிட்டுப் போயிடுச்சு. அது வந்தா வரட்டும்னு கதவுக்குத் தாழே போடறதில்ல'ன்னாரு."

"பூனைக்கு ஜன்னல் போதாதா?" என்றாள் தங்கை.

அவர் தங்கையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

காப்பகத்தில் அட்டைகள் இருந்த அலமாரியின் சாவி இருவரிடம்தான் இருந்தது. காப்பாளர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பதிவுகளைக் கேட்டு எழுதும் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காப்பாளர்தாண்ணா. எப்படி வேர்த்துக் கொட்டுது பாரு!"

"அந்த வயசுல மூணு மாடி ஏறினா உனக்கும்தான் கொட்டும்."

அவர் அந்தப் பெரியவர் பேச்சின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கினார். பேசியவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால், பெயர் வரும் இடத்திலெல்லாம் உறவை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது அங்கே வழக்கம். '(மகள்) கோவிச்சிட்டுப் போயிடுச்சு' என்றிருந்தது.

அந்த வரியை அவர் மறுபடி படித்தார். பிறகு ஆய்வாளரிடம் திரும்பினார். "மகள்னு எங்கேயாவது சொன்னாரா?"

"இல்ல சார். பிள்ளைங்களைப் பத்திக் கேட்டதும் பேச்சை மாத்திட்டாரு."

"நேர்ல உக்காந்து கேட்டவங்களுக்கே பஞ்சு பூனை." எழுதும் பெண்ணைப் பார்த்தார். "உனக்கு மட்டும் எப்படிம்மா மகளாச்சு?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து வைத்தாள்.

"கைப்பழக்கத்துல தட்டிட்டேன். தட்டின பிறகுதான் என்ன தட்டினேன்னே தெரிஞ்சுது. நாளைக்கு யார் யாரோ கேப்பாங்களே, நான் அப்பாவை விட்டுட்டு வந்ததை."

"எந்த மகள்னு அவங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தானே உன் வேலை."

"எனக்குத் தெரியுமே." அட்டையைப் பார்த்தாள். "இது போன வருஷப் பதிவு. இன்னுமா தாழ் போடாம இருப்பாரு?"

"அதை இங்க உக்காந்து கண்டுபிடிக்க முடியாதும்மா."

அவள் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள்.

அட்டை சரியாக இருக்கிறதா என்று ஆய்வாளர் ஓடவிட்டுப் பார்த்தாள். பெரியவரின் குரல் தாழைப் பற்றிச் சொல்லி நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை.

"நின்னுடுச்சாண்ணா?"

"இல்ல. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

பதிவில் எங்கோ படியில் யாரோ ஏறிவரும் ஓசை. பெரியவரின் நாற்காலி நகர்ந்தது. காலடி கதவைத் தாண்டி மேல்மாடிக்குப் போனது. நாற்காலி மறுபடி நகர்ந்தது.