கார்டு மாற்றிய பிறகும்

மெக்கானிக் வந்து மணியடித்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்த பையை வாசலில் உதறிவிட்டு, "கம்ப்யூட்டர் எந்த ரூம்ல மேடம்?" என்றார். அண்ணி வழிவிட்டு நின்றாள்.

அவளுக்கு அந்த வீட்டில் வேறு பெயரே இல்லை. கொழுந்தன் சின்னவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கணவனே போனில் "அண்ணி எங்கடா?" என்றுதான் தம்பியிடம் விசாரிப்பான். அவனுக்கு வெளியூரில் வேலை. புதிதாக வாங்கிய இந்தப் பழைய வீட்டை எப்படிச் சீரமைப்பது என்று அண்ணிதான் கம்ப்யூட்டரில் அறை அறையாக வரைந்துகொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். அவள் வரைந்த வீட்டுக்குள், செங்கல் வைப்பதற்கு முன்பே திரையில் சுற்றி நடந்து பார்த்துவிடலாம்.

சில நாட்களாக அந்தப் படங்களில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தெறித்தன. திரை சட்டென்று கறுத்துவிடும். ஃபேன் மட்டும் பேயாய் இரையும்.

"இவன் ராவும் பகலும் கேம் ஆடியே கார்டைப் பொசுக்கிட்டான்" என்றாள் மெக்கானிக்கிடம், சின்னவன் காதில் விழட்டும் என்றே.

"நான் தொடவே இல்ல அண்ணி."

"தொடாமயே அது தானா சூடாகிடுச்சாக்கும்?"

சின்னவன் விருட்டென்று உள்ளே போனான். துணிகளைப் பையில் திணிக்கும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குக் கிளம்புகிறான். போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மெக்கானிக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். கருகிய தூசியின் வாடை வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை, காற்றே படாமல் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினார். தூசி தட்டினார். அதன் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். புள்ளிகள் போகவில்லை. பையிலிருந்து வேறொரு கார்டை எடுத்து மாட்டினார்.

புள்ளிகள் மாயமாய் மறைந்தன. படம் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று வந்தது.

ஒன்றைத் தவிர.

பின்கட்டு அறையின் படத்தில், ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில், கறுப்பாக ஒரு தீற்றல். ஆள் உயரம். அதை அவள் முன்பே கவனித்திருந்தாள்; புள்ளிகளோடு புள்ளியாக அதுவும் கார்டின் கோளாறு என்று விட்டுவிட்டாள்.

மெக்கானிக் ஒயரை மாற்றினார். வேறு மானிட்டர் வைத்துப் பார்த்தார். கடைசியில் எந்தக் கார்டும் இல்லாமலே ஓட்டினார். படம் நத்தையாய் நகர்ந்தது. தீற்றல் மட்டும் மங்கவில்லை.

"கார்டு கெட்டா கறை ஸ்கிரீன்ல ஒரே இடத்துல நிக்கும் மேடம்" என்றார் தாடையைத் தடவியபடி. "படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயேதான் இருக்கும்."

அவள் மவுஸைப் பிடித்துப் படத்தை இடப்பக்கம் திருப்பினாள். தீற்றல் திரையை விட்டு வெளியே போனது. திரும்பக் கொண்டுவந்தாள். அதே மூலை. நெருங்கினாள். பெரிதாகியது. அவள் வரைந்திருந்த அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்தது.

"இது ஸ்கிரீன்ல நிக்கல" என்றாள் அடிக்குரலில். "ரூமுக்குள்ள நிக்குது."

மவுஸை அதன்மேல் வைத்து அழுத்தினாள். கம்ப்யூட்டருக்கு அங்கே வெறும் சுவர்தான் தெரிந்தது.

மறுகணம் அவளுக்குச் சுருக்கென்றது. இதை வேறு யார் வரைந்திருப்பார்கள்? வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள்தானே!

"டேய், இங்க வா!"

சின்னவன் பையும் தோளுமாக வந்தான்.

"என்னை மிரட்டறதுக்கு இதை நீதானே வரைஞ்சு வெச்சே?"

அவன் திரையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஏன் அந்த ரூம்ல படுக்காம ஹால்ல படுக்கறேன்?"

"பயந்தாங்கொள்ளி. அதான்."

"எதுக்குப் பயம்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே அண்ணி."

மெக்கானிக் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

"படத்துலதான் ஏதோ கோளாறு. ரூமைத் திரும்ப அளந்து புதுசா வரைஞ்சு பாருங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார்.

அண்ணி அந்தப் படத்தை அழித்தாள். பிறகு சின்னவனின் தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"கோவத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்டா. மனசுல வெச்சுக்காத. போய் காபி போடு."

அவன் அரைகுறையாகச் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். ஆனாலும் அவள் மனம் முழுதாக ஆறவில்லை. படிச்ச பிள்ளை, எப்படியாவது செய்திருப்பான். எதற்கும் அளந்துவிடலாம் என்று அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

மழைக்குப் பிந்தைய வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. மூலையில் ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர், வெறும் தரை. போய் அங்கே நின்றே பார்த்தாள். தன்னை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்தது.

டேப்பின் நுனியை அந்த மூலையில் தரையோடு வைத்துவிட்டு, அது சுருண்டிருந்த பெட்டியைப் பிடித்து எதிர்ச்சுவர் வரை இழுத்துக்கொண்டு நடந்தாள். பிடிக்க ஆளில்லாத டேப் வழக்கமாகக் கூடவே சறுக்கிக்கொண்டு வரும்.

வரவில்லை.

விறைப்பாக நின்றது. சின்னவன் பின்னாலேயே வந்துவிட்டான் என்று நினைத்தாள். நெஞ்சு இளகியது. குனிந்து எண்ணைப் பார்த்தபடியே, "மூலையோட ஒட்டிப் புடிச்சிருக்கியா?" என்றாள்.

டேப் இன்னும் கொஞ்சம் இறுகியது.

"அண்ணி!" சமையலறையிலிருந்து சின்னவன் குரல் கொடுத்தான். "சக்கரை தூக்கலாப் போடட்டுமா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்ததை மெதுவாக, ஒரே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

மறுமுனை திருப்பி இழுத்தது.