மழையில் கரையாத பூ

"அக்கா, அப்பாவுக்குக் காயமா?"

போன வருஷம் கல்லறைத் திருநாளில் மிலான் கேட்ட கேள்வி இது. அப்போது அவனுக்கு நாலு வயது. அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். தேயிலை மலையின் ஓரத்தில்தான் கல்லறைகள் இருக்கும். அம்மா பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிப் போனாள். கடையில் வாங்கிய சிவப்புக் கடதாசிப் பூமாலையை அப்பாவின் மண்மேட்டில் வைத்தார்கள். மெழுகுதிரி ஏற்றினார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மாலையின் சாயம் கரைந்து, மண்மேட்டில் சிவப்பாக வழிந்தது.

"அது சாயம்டா தம்பி. வெறும் சாயம்" என்றாள் பிரேமினி.

மிலான் நம்பவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இந்த வருஷமும் நவம்பர் வந்தது. மழையும் கூடவே வந்தது. றொனால்ட் ஃபாதர் ஒருவர்தான், தோட்டங்களோ பல. அதனால் அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தோட்டத்துக் கல்லறைகளைச் செபம் சொல்லி மந்திரிக்கப் போவார். இவர்கள் தோட்டத்துக்குச் சனிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அப்பாவுக்கு மாலை வேணாம்" என்றான் மிலான்.

"எல்லாருக்கும் பூ வைப்பாங்க. அப்பாவுக்கு மட்டும் வேணாமா?"

"வேணாம். திரும்பவும் ரத்தம் வரும்."

பிரேமினிக்குப் பதினொரு வயதுதான். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தம்பியிடம் இனிச் 'சாயம், சாயம்' என்று சொல்லிப் பயன் இல்லை. மழையில் கரையாத பூவை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் ஷாமிலாவும் ஒரு கட்டு வண்ணக் கடதாசியோடு வந்துவிட்டாள். கடதாசியை நீளமாக வெட்டி, ஒரு பக்கத்தைச் சுருக்கி, ஈர்க்கில் சுற்றி நூலால் கட்டினால் பூ. அதன் இதழ்களை விரலால் மெதுவாக இழுத்துவிட்டால் ரோசாப்பூ.

மிலானும் ஒன்று செய்தான். பச்சைக் கடதாசியில் செய்தான். அது முட்டைக்கோசு மாதிரி உருண்டு வந்தது.

ஷாமிலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பூவாடா, கோவாவாடா?"

"கோவாதான். அப்பாவுக்குக் கோவா ரொம்பப் புடிக்கும்" என்றான் மிலான்.

ஷாமிலா சிரிக்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள்.

பிரேமினி ஒரு பூவின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். சிவப்பு கரைந்து அவள் உள்ளங்கையில் வழிந்தது. அவள் அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மிலான் பார்த்துவிட்டான்.

"சொன்னேன்ல?"

"ஷொப்பிங் பேக்குல சுத்தி வைப்போமா?" என்று கேட்டாள் ஷாமிலா.

"பூ மூச்சு முட்டிப் போகும். அப்பாவுக்கு ஒரு குடை குடுப்போம்" என்றான் மிலான்.

பொழுது சாய்ந்தது. அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். எல்லாரும் முழங்காலில் இருந்து செபம் சொன்னார்கள். மெழுகு சொட்டிச் சொட்டி, கீழே விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளில் உறைந்தது. கூரையில் ஒரு ஓட்டை. அதிலிருந்து மழைத்துளி ஒன்று அதே தாளில் விழுந்தது.

பிரேமினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் நனைந்து கறுத்தது. மெழுகு உறைந்த இடத்தில் மட்டும் துளி முத்துப் போல உருண்டு ஓடியது.

"ஆமென்!" என்று அவள் முந்திக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"இன்னும் முடியலடி" என்றாள் அம்மா.

செபம் முடிந்ததும் பிரேமினி விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை எல்லாம் பழைய பால்மா டின்னில் போட்டு, டின்னைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தாள்.

"மெழுகு சுட்டா கை வெந்துரும். முக்குறது என் வேலை. காய வைக்கிறது உங்க வேலை. கிட்ட வரக்கூடாது."

அம்மா ஒவ்வொரு பூவையும் ஈர்க்கைப் பிடித்து மெழுகில் முக்கி, உதறிக் கொடுத்தாள். பிள்ளைகள் அவற்றைக் கொடிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பூக்கள் ஆறி, விறைத்து, மினுங்கின. அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு, அதன் மேல் சீனி தூவிக் கொடுத்தாள். மிலான் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கோவாப் பூவைக் காவல் காத்தான்.

கடைசியில் பிரேமினி ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். "நீயே ஊத்திப் பாரு."

மிலான் ஊற்றினான். தண்ணீர் உருண்டு கீழே போனது. அவன் தரையைப் பார்த்தான். சிவப்பு இல்லை. இன்னொரு தடவை ஊற்றினான். கையால் தடவி, உள்ளங்கையைப் பார்த்தான்.

"சரி, அப்பாவுக்கு வைக்கலாம்" என்றான்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்தது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராகக் கல்லறைக்கு வருவதாகச் சொன்னாள். "நீங்க முன்னாடி போய் மாலையை வைங்க. மழை வந்தா மரத்தடியில நில்லுங்க."

பிள்ளைகள் மெழுகுப் பூக்களைக் கட்டிய மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மேலே போனதும் பிரேமினி திகைத்து நின்றாள்.

மலை மாறியிருந்தது. போன வருஷம் அவள் நெஞ்சு உயரத்துக்கு நின்ற தேயிலைச் செடிகளை அந்த வாரம் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. பச்சையே இல்லை. மலை முழுக்க மொட்டைக் குச்சிகள். வெட்டிப் போட்ட கிளைகளான மிலாறு, விறகுக்காகக் குவியல் குவியலாகக் கிடந்தது.

அவள் வைத்திருந்த அடையாளம், இரண்டு செடிகளுக்கு நடுவே இருந்த ஒரு சந்து. அதில் நுழைந்தால் வலப் பக்கம் அப்பா. இப்போது எங்கே பார்த்தாலும் சந்துதான்.

"இதுதான்" என்று புல் செதுக்கிச் சுத்தமாக இருந்த ஒரு மண்மேட்டைக் காட்டினாள். சிலுவை இல்லை. மழையில் உளுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மாலையை வைத்தார்கள். கோவாப் பூ நடுவில் இருந்தது. இருவரும் கண்ணை மூடி 'பரலோகத்தில் இருக்கிற' செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ இருமினார்கள்.

கீழ் லயத்து ஆண்டியப்பன் தாத்தா. கையில் புல்லுக் கத்தி. அவர் தலைத் துண்டை மெதுவாக எடுத்தார். வெகுநேரம் மாலையையே பார்த்தார்.

"இதை யாரு வச்சது கண்ணு?"

"நாங்கதான் தாத்தா" என்றாள் பிரேமினி.

"எங்க வேலாயிக்கா?"

பிரேமினி திரும்பி மண்மேட்டைப் பார்த்தாள். வேலாயி ஆத்தா. தாத்தாவின் இறந்துபோன மனைவி.

தாத்தா ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குப் பூன்னா உசிரு. கொழுந்துக் கூடைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாருவா. நான் புல்லுதான் செதுக்கிவிடுறேன். இந்த மாதிரி செய்ய எனக்கு எங்க தெரியும்? அவ போனதுலேருந்து ஒருத்தரும் வரல, புள்ள. நீங்கதான் வந்திருக்கீங்க."

"அது எங்க அப்..." என்று ஆரம்பித்தான் மிலான்.

பிரேமினி அவன் கையை இறுக்கினாள்.

"உங்கப்பா செபமாலைக்கு வச்சாச்சா?" என்று தாத்தா கேட்டார்.

"இனிமேதான் தாத்தா."

"போங்க, போங்க. மழை வரப்போகுது."

அவள் தம்பியை இழுத்துக்கொண்டு ஒரு மிலாற்றுக் குவியலுக்குப் பின்னால் போனாள். அங்கேதான் அப்பா இருந்தார். குவியல் மறைத்திருந்தது. சிலுவை நேராக நின்றது. குறுக்குக் கட்டை கழன்று விழாதபடி யாரோ பச்சை நிறக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

மிலானின் உதடு பிதுங்கியது. "அப்பாவோட பூ அங்க இருக்கு."

"ஆமா. நான்தான் மாறி வச்சிட்டேன்."

"போய் எடு."

பிரேமினி அவன் உயரத்துக்குக் குனிந்தாள். அழாதே என்று அவள் சொல்லவில்லை. "எடுக்கலாம். நம்ம பூதானே? நீ அங்க பாத்துட்டுச் சொல்லு. நீ சொல்ற மாதிரி செய்யிறேன்."

மிலான் குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தூறல் தொடங்கியிருந்தது. தாத்தா துண்டைத் தலையில் போடவில்லை. அதன் நுனியால் பூக்களில் விழுந்த துளிகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். கோவாப் பூவை மட்டும் இரண்டு தடவை ஒற்றினார்.

மிலான் மூக்கை உறிஞ்சினான்.

"தாத்தாவுக்கு அது கரையாதுன்னு தெரியாது போல" என்றான்.

"தெரியாது."

"வேணாம். இருக்கட்டும்." மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு பூ மட்டும் கேப்போமா?"

"குடுத்துட்டுக் கேக்கக்கூடாதுடா."

"நாம குடுக்கலியே. மாத்தித்தானே வச்சோம்!"

பிரேமினிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஃபாதரின் வண்டி கீழ் ரோட்டில் உறுமும் சத்தம் கேட்டது. கையில் கடதாசி இல்லை, நூல் இல்லை. சுற்றிலும் மிலாறுதான் கிடந்தது.

மிலாற்றில் அங்கங்கே தேயிலைப் பூ இருந்தது. சின்ன வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள்.

"மிலான், அப்பா என்ன வேலை செஞ்சாரு?"

"கவ்வாத்து."

"அப்போ அவருக்கு எந்தப் பூவை நல்லாத் தெரியும்?"

மிலான் குவியலுக்குள் கையை விட்டுப் பூவுள்ள கிளைகளாகப் பார்த்துப் பார்த்து இழுக்கத் தொடங்கினான். பிரேமினி இளம் நுனிகளை வட்டமாக வளைத்தாள். மானாப்புல்லைத் திரித்துக் கட்டினாள். மிலான் கட்டிய முடிச்சுகள் அவிழ்ந்தன, திரும்பவும் கட்டினான். வட்டம் கோணலாகத்தான் வந்தது. முட்டை மாதிரி இருந்தது. பூக்களில் மழை விழுந்தது. அந்த வெள்ளையும் மஞ்சளும் கரையவில்லை.

அதை அப்பாவின் மண்மேட்டில் வைத்தபோது அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கூடை கட்டிய கயிற்றின் தடம் இன்னும் அவள் நெற்றியில் இருந்தது.

"கடதாசிப் பூ எங்கடி?"

"அது வேற இடத்துக்குத் தேவைப்பட்டுச்சும்மா."

அம்மா குவியலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். சிலுவையைத் தொட்டதும் அவள் முகம் மாறியது.

"இதை யாரு கட்டினா? நான் கட்டலியே. சாஞ்சு கிடக்கும்னுதான் நெனச்சேன். புல்லும் செதுக்கியிருக்கு."

யாருக்கும் தெரியவில்லை.

றொனால்ட் ஃபாதர் குடையோடு வந்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொரு மண்மேடாகப் போனவர், வேலாயி ஆத்தாவின் மேட்டையும் தாண்டிப் போகவில்லை. "நாங்க வேதக்காரங்க இல்ல, இந்துக் கோயில்காரங்க சாமி" என்று தாத்தா தயங்கினார். "அதனால என்ன, ஐயா" என்று ஃபாதர் அங்கேயும் நின்று கும்பிட்டார். தாத்தாவும் கத்தியைக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் பிரேமினி அதைப் பார்த்தாள். கத்தியின் பிடி வெடித்திருந்தது. வெடித்த இடத்தில் பச்சை நிறக் கம்பி சுற்றியிருந்தது.

அவள் கேட்க வாயெடுத்தாள். தாத்தா துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார். ஒரு வருஷமாகச் சொல்லாதவர் இன்றைக்கா சொல்லப் போகிறார்? சொல்லாமல் செய்தவரிடம் கேட்டு அவரைக் கூச வைப்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மார்கழி பிறந்தது. ஒருநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஷாமிலா சொன்னாள்: "ஆண்டியப்பன் தாத்தாவுக்கு நெஞ்சுச் சளியாம். ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். வர நாளாகுமாம்."

அன்று அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் பிரேமினி மேலே ஏறினாள். மிலாற்றுக் குவியல்களை எல்லாம் விறகுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வேலாயி ஆத்தாவின் மேட்டில் புல் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. மெழுகுப் பூக்கள் மண் தெறித்து அப்படியே இருந்தன. அவள் உட்கார்ந்து புல்லை வேரோடு பிடுங்கினாள். மழையில் சரிந்த ஓரங்களுக்குக் கல் பொறுக்கி அண்டை கொடுத்தாள். பூக்களை ஒவ்வொன்றாகப் பாவாடை நுனியால் துடைத்தாள். அதன் பிறகுதான் அப்பாவின் பக்கம் போனாள்.

பனி இறங்கி மலையை மூடிக்கொண்டிருந்தது. பாதையில் யாரும் இல்லை. அவள் லயத்துக்கு வந்து, நகக்கண்ணில் இருந்த மண் போகத் தேய்த்துக் கை கழுவி, தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"எங்கக்கா போன?" என்று கேட்டான் மிலான்.

"சும்மா, இங்கதான்" என்றாள் பிரேமினி.