ஈரக் காகிதம்

மணப்பெண்ணின் பெயருக்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த இடம் வெறும் வெள்ளை. ஆனால் பிரதீபாவின் கட்டைவிரல் அங்கே போனதும் நின்றுவிட்டது. மை இல்லாமல் ஏதோ அழுந்தியிருந்தது.

அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கார்த்திகை மழை காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. மாமல்லபுரம் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண்பாதையின் முடிவில், சவுக்குத் தோப்பை ஒட்டித் தனியாக நின்ற அந்த வீட்டுக்குள் மையும் மண்ணெண்ணெயும் நனைந்த சவுக்கும் கலந்த ஒரு வாசனை போக வழியில்லாமல் தங்கியிருந்தது. மதியமே கரண்ட் போய்விட்டது. அதற்காக வேலை நிற்கவில்லை. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினுக்குக் கரண்ட் எதற்கு? கேளம்பாக்கத்து ஐ.டி. ஜோடி ஒன்றின் கல்யாண அட்டை ஓடிக்கொண்டிருந்தது. போனிலேயே ஊரை அழைத்துவிடலாம் என்கிற காலத்தில் இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் தேடி வருவது அந்த அழுத்தத்துக்காகத்தான். காகிதத்தை லேசாக ஈரப்படுத்தி அடித்தால் ஈய எழுத்து பள்ளம் பறித்து உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே படிக்கலாம்.

அப்படிப் படித்துக் காட்டி வந்தவர்களை மயக்கியவன் அவள் கணவன் ஜெகதீசன். ஆள்காட்டி விரல் ஒன்றே போதும் அவனுக்கு. எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டே போவான், பெயர் வந்ததும் நிற்பான், "நல்லா விழுந்திருக்கு" என்பான். மாசியில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய கருமாதிப் பத்திரிகையையும் பிரதீபாதான் அடித்தாள். வேறு யார் அடிப்பார்கள்?

"அக்கா, இதக் கொஞ்சம் தடவிப் பாருங்க."

எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருந்த எல்லம்மாள் அட்டையை வாங்கினாள். செங்கல்பட்டில் ஒரு பிரஸ்ஸில் இருபது வருஷம் எழுத்துக் கோத்தவள். வாரத்தில் இரண்டு நாள் திருப்போரூரிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

"ஒண்ணியும் காணோமே" என்றாள். பையை எடுக்கக் குனிந்தவள் மேசைக்கு அடியில் நூலால் கட்டியிருந்த ஈய எழுத்துக் கட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். "இன்னாம்மா இது? அண்ணாத்த மேட்டர இன்னுமா கட்டி வெச்சிகினு கீற?"

எல்லம்மாள் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மை காயவேயில்ல. தெனம் அடிக்கிறியா?"

எல்லம்மாள் வேலை பார்த்த பிரஸ்ஸில் அது கண்டிப்பான வழக்கம். சாவுப் பத்திரிகையின் கடைசித் தாளை அடித்த கையோடு கோத்த எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், பெயரை முதலில். வாங்கிப் போகிறவர்களும் படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிரதீபா இரண்டையும் செய்யவில்லை. எல்லா எழுத்தையும் அப்படியே நூலால் சுற்றிக் கட்டிவைத்து, தினமும் சாயங்காலம் மை தடவி ஒரே ஒரு தாளை ஒற்றி எடுப்பாள். விரலால் தடவுவாள். மேசை டிராயர் அந்தத் தாள்களால் நிறைந்துவிட்டது. அவன் பெயரைத் தொட முடிகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

"அது அழைப்பும்மா" என்றாள் எல்லம்மாள், குரலைத் தணித்து. "அவசியம் வந்து கலந்துக்கணும்னுதான போட்டுகீது? தெனம் அடிச்சா தெனம் கூப்டுறதாச்சே. யார கூப்டுற நீ? பேரையாவது இன்னிக்கிப் பிரிச்சுடு."

"பிரிச்சிடறேன் அக்கா."

"பஸ்ஸு போயிடும், வரட்டா?"

குடை சவுக்குத் தோப்புக்குள் மறைந்தது. பிரதீபா பென்சிலை எடுத்து, அட்டையின் வெற்றிடத்தில் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக எழுத்துகள் எழும்பின.

கருமாதி.

கல்யாண அட்டையில். அதுவும் வால் ஒடிந்த 'க'. அந்த ஒடிந்த எழுத்து அவளிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மேசைக்கு அடியில், நூல் கட்டுக்குள் இருந்தது. குனிந்து பார்த்தாள். இருந்தது.

வெளியே கேட் அடித்துக்கொண்டது. எல்லம்மாள் தாழ் போட்டுவிட்டுத்தான் போனாள், பிரதீபா கண்ணால் பார்த்தாள். மழையில் ஓடினாள். பாதையில் யாருமில்லை, தோப்புக்கு அப்பால் கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மறுபடி தாழ் போட்டுவிட்டு வருவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புடவை மாற்றக்கூட நிற்காமல், எழுத்துக் கட்டை மேசை மேல் தூக்கி வைத்து நூலை அவிழ்த்தாள்.

'ஜெ'யை உருவி எடுத்தாள். ஜில்லென்று, பல் அளவுதான் இருந்தது. இதைப் பெட்டியில் போட்டால் நாளைக்கு எந்த ஜெயந்தியின் கல்யாணத்திலோ, எந்த ஜெயராமனின் கடைத் திறப்பிலோ போய்ச் சேர்ந்துவிடும். ஜெகதீசன் ஊருக்கெல்லாம் பங்கு போய்விடுவான். இவளுக்கு மட்டும் மிஞ்ச மாட்டான்.

முடியவில்லை. எழுத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். கடைசியாக ஒரே ஒரு தாள், அப்புறம் பிரித்துவிடலாம். குடிகாரனின் கடைசி கிளாஸ் கணக்குதான், அவளுக்கே தெரியும்.

மை தடவினாள். ஈரக் காகிதத்தை விரித்தாள். கை உருளையை அழுத்தி ஓட்டி, தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வெள்ளை.

எழுத்தில் மை பளபளத்தது. தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. தடவினாள். பள்ளமும் இல்லை.

மறுபடி விரித்தாள். இந்தத் தடவை உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

அவள் முதுகும் அழுந்தியது.

தோள்களுக்கு நடுவே. தட்டையாக. ஜில்லென்று. வரி வரியாக. மூச்சு வெளியே தள்ளப்பட்டது. பிறகு கனம் விலகியது.

தாள் வெள்ளையாகவே கிடந்தது.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. நனைந்த துணி மேல், இடது தோள் ஓரத்தில், ஏதோ பட்டது.

ஒரே ஒரு விரல்.

அவள் திரும்பவில்லை. ஓடியிருக்கலாம், கதவு நாலே அடிதான். ஆனால் பத்து மாதமாக யாரும் தொடாத முதுகு அது.

விரல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. நிதானமாக. பெயர் வரும் வரி அடுத்தது. 'ஜெ' என்றால் கொம்பின் சுழிதான் முதலில் வர வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தாள்.

சுழி வரவில்லை.

விரல் நேராகக் கீழே இறங்கியது. குறுக்கே போனது. மேலே ஏறியது. தலையில் ஒரு கொக்கி.

பி.

ர.

தீ.

பா.

நின்றது. பிடரியில் ஈரக் காற்று பட்டது.

"நல்லா விழுந்திருக்கு."

விரல் ஒரு வரி கீழே இறங்கியது. அது தேதி போடுகிற இடம். முதல் எண்ணை மெல்லத் தடவத் தொடங்கியது.