இருபது வரை

கேசட்டின் முதுகில் இருந்த சின்ன ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதிய வெளிச்சத்தில் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புது டேப். ஓரம்கூட மஞ்சளாகவில்லை. அந்த இடத்தில் இருந்த பிளாஸ்டிக் நாக்கை ஆறு மாதத்துக்கு முன் அவள்தான் ஸ்குரூடிரைவரால் நெம்பி உடைத்திருந்தாள். கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் பழைய வீட்டுக் கணினிகளுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் அவர்களுடைய சங்கத்தில் அதுதான் முதல் சட்டம். எந்தக் கேசட்டானாலும் ஓடவிடுமுன் நாக்கை உடைத்துவிட வேண்டும். பிறகு யார் கை தவறினாலும் அதில் எதுவும் பதியாது. ஓட்டையை ஒட்டி அடைத்தால் மட்டும் பதியும். அதைச் சங்கத்தில் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

அது அண்ணனின் கேசட். பதினாலு வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க, டிவியோடு இணைத்த ரப்பர் பொத்தான் கணினியின் முன் உட்கார்ந்து, ஏழு வயது தங்கைக்காக அவன் எழுதிய கண்ணாமூச்சி விளையாட்டு. கணினிக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக அவனே வரைந்தான். திரையில் வீட்டின் அறைகள் வரும். அவன் எதில் ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தால் அடுத்தது அவன் முறை. அவன் எண்ணுவான், நாம் ஒளிய வேண்டும். இருபது வரைக்குமான அந்த எண்ணிக்கையைக் கேசட்டின் கடைசியில் தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்தான். நிஜ விளையாட்டில் அவன் சரியான கள்ளாட்டக்காரன். விரலிடுக்கில் பார்ப்பான், பாதி எண்ணிவிட்டு நேரே இருபதுக்குத் தாவுவான். “இதுல ஏமாத்தமாட்டேன்டி, ரெக்கார்டு ஆகுதுல்ல” என்று சிரித்தான். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். கணினியும் பழைய சாமான்களோடு போயிற்று. அண்ணன் என்று அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

அதை அவன் எழுதிய ஆட்டத்துக்குள்ளேயே ஒருமுறை கேட்பதற்காகவே அவள் சங்கத்தில் சேர்ந்தாள். கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வெட்டிக் கொடுக்கும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போனது. பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாக போர்டு செய்து, செத்த கணினிகளிலிருந்து சிப்புகளைப் பிடுங்கி, ரப்பர் பொத்தான்களை அச்சில் வார்த்து, இரண்டு வருடம். சங்கத்தில் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடும் பிரிட்ஜ் மெக்கானிக்தான் துணை. போர்டை விரலால் தட்டி, “நாடி இருக்கு, பொழைச்சிடும்” என்பார். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பழைய நாடா அறுந்துவிடுமோ என்று தான் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல், அந்த உரிமையில்தான் நகல் எடுக்கக் கேசட்டை அவரிடம் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து, நேற்று, கேட்டில் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மணி அடிக்கவில்லை.

அவள் போன் செய்தாள்.

“டாக்டர், ஓட்டைய அடைச்சது யாரு?”

“ஓட்டையா? எனக்குத் தெரியாதே, தங்கச்சி. சத்தியமா.” குரல் கரகரத்தது. “நீ போட்டுப் பாரு. அருமையா ஓடுது.”

“ஓடுதுன்னு எப்படித் தெரியும்? காப்பி எடுக்க மட்டும்தானே சொன்னேன்?”

போன் துண்டிக்கப்பட்டது.

அழித்துவிட்டார். அண்ணன் குரலின் மேல் எதையோ பதிந்துவிட்டார். வேறெதையும் யோசிக்காமல் அவள் கணினியோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். கீச்சென்ற இரைச்சல் சுவரெல்லாம் மோதித் திரும்ப, பழைய டிவியின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓட, சூடேறிய தூசியின் வாசனையும் அதற்கு அடியில், மிக லேசாக, ஈரச் சட்டையின் வாசனையும் அறையில் பரவ, நான்கு நிமிடம் அவள் காத்திருந்தாள்.

திரையில் அண்ணன் வரைந்த எழுத்துகள் வந்தன. சற்றே கோணல்.

வாசல். கூடம். அடுப்படி. லென்ஸ் ரூம்.

அவள் மறுபடி படித்தாள். அண்ணன் இருந்த வீட்டில் லென்ஸ் ரூம் கிடையாது. இந்த வீட்டுக்கு அவள் வந்தே ஆறு வருடம்தான் ஆகிறது. இப்போது அவள் உட்கார்ந்திருக்கும், லென்ஸ் வெட்டும் இந்த அறைக்கு மின்கம்பி இழுத்துக் கொடுத்தவர் டாக்டர். அதை லென்ஸ் ரூம் என்று சொல்பவரும் அவர் ஒருவர்தான்.

கீழே இன்னொரு வரி வந்தது.

என் முறை. நீ ஒளிந்துகொள்.

போன் அடித்தது.

“போட்டுட்டியா?” டாக்டர் அழுதுகொண்டிருந்தார். “சும்மா ஒரு ஆட்டம் ஆடினேன், தங்கச்சி. அவனைக் கண்டுபிடிச்சிட்டேன். அதுக்கப்புறம் அவன் முறை வந்துச்சு. மூணு வாரமா, வீட்டுல எங்க நின்னாலும் எண்ணுற சத்தம். நாளுக்கு ஒரு நம்பர். நேத்து பத்தொன்பது.”

“அதுக்கு?”

“வேற வீட்டை எழுதிப் பதிஞ்சா விட்டுடுவானான்னு... எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உனக்குன்னு யாரு இருக்கா?”

அவள் திரையிலிருந்த கடைசி வரியை மறுபடி படித்தாள்.

“உன் அண்ணன்தானே. உன்னை ஒண்ணும் செய்யமாட்டான்.”

போனை மேசையில் வைத்தாள். அது இன்னும் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

கேசட்டிலிருந்து குரல் எழுந்தது.

“ஒண்ணு.”

அண்ணன். அழியவில்லை. உடையத் தொடங்கிய அதே பதினாலு வயதுக் குரல். நாற்பது வருடம் காத்திருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ரெண்டு. மூணு. நாலு.”

டேப் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

“அஞ்சு.”

கூடத்திலிருந்து.

அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள். பட்டப்பகல். ஜன்னல் திரை அசையவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில், முகத்தை இரண்டு கைகளாலும் பொத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன். பள்ளிக்கூட அரைக்கால் சட்டை. காய்ச்சலில் வியர்த்த முதுகு. சட்டை ஒட்டியிருந்தது.

“ஆறு.”

“அண்ணா,” என்றாள். சத்தம் வரவில்லை.

“ஏழு. எட்டு.”

வாசல் வழி முடியாது. அடுப்படியில் பின்கதவு. கூடத்தின் ஓரமாகவே போக வேண்டும். பதினைந்து அடி. இருபது வரை நேரம் இருக்கிறது. ரெக்கார்டு ஆனதில் அவன் ஏமாற்றமாட்டான். சொல்லியிருக்கிறான்.

“ஒம்போது.”

செருப்பைக் கழற்றினாள். ஓர் அடி. இன்னொன்று. தரை சில்லென்றிருந்தது.

“பத்து.”

பாதி தூரம். பின்கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது.

“பதினொண்ணு.”

அவள் கையை நீட்டினாள்.

“இருபது.”

கால் நின்றுவிட்டது. உடம்பு தானாகத் திரும்பியது.

பையன் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. அவளைப் பார்த்து நின்றான். கைகள் மட்டும் இன்னும் முகத்தைப் பொத்தியிருந்தன. நடுவிரலும் மோதிரவிரலும் மெதுவாக விலகின. எப்போதும் போல.

இடுக்கில் கண் இல்லை. அங்கே ஒரு சின்னச் சதுரம், திரையில் எழுத்துக்காகக் காத்திருக்கும் சதுரத்தைப் போல, வெளிச்சமாகவும் கறுப்பாகவும் மாறி மாறி, அவளைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது.