‘வாங்கு’ என்றொரு பொத்தான்

ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவள் மழையிலும் நனைந்துவிட்டால் என்ன ஆகும்? செல்போன் பழுது பார்க்கும் அந்தக் கடையில் அன்று அதுதான் ஆனது.

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்க ஊசி குத்தியும் முகம் சுளிக்காதவளை ஒரு மின்புத்தகம் அழவைத்துவிட்டது. அப்பாவுக்குப் பார்வை மங்கிப்போய், ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றது. அதையே மின்புத்தகமாக வாங்கி, வாய்விட்டுப் படித்துக் காட்டும் செயலியைப் போட்டாள். ‘இந்தப் புத்தகம் பூட்டப்பட்டுள்ளது’ என்று மட்டும் சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.

"இந்தப் பூட்டை உடைச்சுக் குடுங்க" என்று கடைக்காரரிடம் டேப்லெட்டை நீட்டினாள்.

போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்து பக்கத்தில் நின்றிருந்தவன் திரும்பினான். "அது சட்டப்படி தப்புங்க..."

அப்போதுதான் பார்த்தாள். இமையெல்லாம் மழைத்துளி... நடுவே சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். அழகான கண்கள்தான், ஆனால் ஊர் வம்புக்குப் போகிற வாய்க்கு மேலே அல்லவா வாய்த்திருக்கின்றன.

"என் காசு, என் புத்தகம். உங்களுக்கென்ன?"

அவன் அந்த நாவலை வெளியிட்ட பதிப்பகத்தில்தான் வேலை பார்க்கிறானாம். பூட்டுப் போட்டதே அவன் கைதானாம். அவள் வாங்கியது புத்தகம் இல்லையாம், படிக்கிற அனுமதி மட்டுந்தானாம். பூட்டில்லாத பிரதி ஒன்று கைமாறினால் நாளைக்கு ஊரே ஓசியில் படிக்குமாம், எழுதினவர் வாயில் மண்ணாம்.

"அப்போ பொத்தான்ல ஏன் ‘வாங்கு’ன்னு போட்டீங்க? ‘இரவல்’னு போட்டிருக்கலாமே?"

அவன் தலையைச் சொறிந்தான். நமக்கெதற்கு வம்பு என்று கடைக்காரரும் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படியிறங்கப் போனவளிடம் அவன் மெதுவாகச் சொன்னான். "சட்டம்னுதான் சொன்னேன், நியாயம்னு சொல்லலையே... எழுதினவங்ககிட்ட அனுமதி கேக்கறேன். அது வர்ற வரைக்கும் நானே வந்து படிச்சுக் காட்டட்டுமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. முகவரியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமைதோறும் வந்தான். வாரத்துக்கு ஓர் அத்தியாயம். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் உடனே நிறுத்தி, "எங்க தப்பு, மன்னிச்சுக்குங்க" என்பான். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கப் போகிற நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, சும்மா சும்மா பிரேக் போடாதீங்க என்று கெஞ்சுவார். அவர் அவனுக்கு வைத்த பெயர் பூட்டுக்காரர். அவளோ சமையலறையில் பாத்திரத்தை உருட்டியபடி காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பிவைப்பாள். அந்தக் குரல்... வெள்ளிக்கிழமையே காதுக்குள் கேட்கத் தொடங்கியது. அவளுக்கு அது இன்னும் பெரிய எரிச்சல்.

அனுமதி மட்டும் வந்தபாடில்லை. எப்போது கேட்டாலும் "பாத்துட்டிருக்காங்க" என்றான். ஆறாவது வாரம் பொறுமையிழந்து பதிப்பகத்துக்கே போன் போட்டாள். எழுதியவர் எப்போதோ சம்மதித்துவிட்டாராம். பூட்டில்லாத பிரதி மூன்று வாரமாக அவனிடமே இருக்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை மழையில் நனைந்தபடி வந்தவனை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். "பிரதி எங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினான்.

"அடுத்து என்ன ஆகும்னு வாரம் பூரா புலம்பறாரு எங்கப்பா. அவரை ஏன் காக்க வச்சீங்க?"

"தப்புதான்... இதைக் குடுத்துட்டா நான் வர்றதுக்குக் காரணமே இருக்காதேன்னு..." அவன் தலை நிமிரவில்லை. "உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு அந்தக் கடையிலேர்ந்தே."

போன் பேசிய நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட அவள் நாக்குக்கு வரவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது, அதை இனி யாரிடம் மறைப்பது?

"பிடிச்சிருக்குன்னா... இரவலுக்கா?"

"சொந்தமா. பூட்டு இல்லாம."

அவள் பென்டிரைவை வாங்கிக்கொண்டாள். "வாரம் பூரா இது படிக்கட்டும். சனிக்கிழமை மட்டும் நீங்க... எனக்கு அந்தக் குரல் வேணும்" என்று சொல்லிவிட்டு, சிவந்த முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பூட்டுக்காரரே, மன்னிப்புக் கேட்டு முடிஞ்சதுன்னா உள்ள வந்து படிங்க."