நான்கு குழித் தட்டு

“என் மாட்டுக்கு நோய்னு யார் சொன்னது?”

தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான் பண்ணைக்காரன். புதிதாக வந்திருந்த கால்நடை டாக்டர், சாரலில் நனைந்த முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அடேயப்பா... என்ன கண்கள்! ஒரு மனிதனை ஒழுங்காகக் கோபப்படக்கூட விடாத கண்கள்.

“நான் சொல்லலைங்க. சொசைட்டிக்கு வந்த உங்க பால் சொல்லுது. வழி விடுறீங்களா?”

விட்டான். வேறு என்ன செய்ய?

அரசி அவனுடைய செல்லப் பசு. மடியில் வீக்கம் இல்லை, பாலிலும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் உள்ளே நோய் ஒளிந்திருக்கலாமாம். புது ஆள் தொட்டாலே உதைக்கும் அரசி, “கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று அவள் சொன்னதும் அசையாமல் நின்றது. நான்கு காம்புப் பாலையும் நான்கு குழித் தட்டில் தனித்தனியாகப் பீய்ச்சினாள். ஊதா நிறச் சோதனைத் திரவத்தை ஊற்றிச் சுழற்றினாள். மூன்று குழிகளில் பால் தண்ணீராகவே ஓடியது. ஒன்றில் மட்டும் கஞ்சியாகக் கெட்டிப்பட்டது.

“பின் இடது காம்புலதான் நோய். சாயங்காலம் கறந்ததும் இந்த மருந்தை ஏத்துங்க. விட்டா அந்தக் காம்பு வத்திப் போயிடும்.”

“அதுல ஒரு குறையும் இல்லை. எட்டு வருஷமா கறக்கிற கைங்க இது!”

“கைக்குத் தெரியாததுக்குத்தான் சார் இந்தத் தட்டு.”

விறுவிறுவென்று போய்விட்டாள். “என்னடா, அவ போன வழியையே பாத்துட்டு நிக்கிறே?” என்று தொழுவத்துக்குள் வந்த அவன் அக்கா சிரித்தாள்.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. கறந்து முடித்து, அவள் சொன்னாளே என்று மருந்தைக் கையில் எடுத்தான்.

“நில்லுங்க! போட்டுடாதீங்க!”

சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றாள் அவள்.

“நாலு தடவை போன் பண்ணினேன்... நீங்க எடுக்கலை. தப்பு என்னுதுங்க. தட்டோட பிடி வால் பக்கம் இருக்கணும். காலையில அது முன்னங்கால்ல இடிச்சுது. ரிப்போர்ட் எழுதும்போதுதான் உறைச்சுது... தட்டை அரைச்சுத்து திருப்பிப் பிடிச்சிருக்கேன். பின் இடது இல்லை, முன் வலது.”

மறுபடி சோதித்தாள். முன் வலதேதான். மருந்து சரியான காம்புக்குள் போனது. தப்பை மூடி மறைக்காமல் இந்த மழையில் ஓடி வந்திருக்கிறாளே! அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

“பின் இடதைப் பத்தி உங்க கை சொன்னது சரிதான்,” என்றாள்.

“நோய் இருந்துச்சே... உங்க தட்டு சொன்னதும் சரிதான். அது சரி, இதுக்கு முன்னாடி இப்படித் திரும்பியிருக்கா?”

“ஒரு தடவைகூட இல்லை.”

“அப்போ இன்னைக்கு மட்டும்?”

அவள் அரசியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். “எதிர்ல நின்னு ஒருத்தர் அப்படிப் பாத்தா... கை எப்படிங்க ஒழுங்கா வேலை செய்யும்?”

“நான் கோபமால்ல பாத்தேன்?”

“நிஜமாவா?”

இவ்வளவு தூரம் நனைந்து வந்து உண்மையைச் சொன்னவளிடம் பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

“இல்லீங்க... பாத்த நிமிஷத்துலேர்ந்து உங்களைப் பிடிச்சிருக்கு.”

“எனக்கும்தான்,” என்றாள் அவள், நிமிராமலே. “இல்லேன்னா தட்டு ஏன் திரும்பப் போகுது?”