சிவப்புத் தாடித் திருடன்

நத்தைக்கு நத்தை என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பாதான். ஒரு காலில் செருப்பை மாட்டுவாள். மற்றொரு செருப்பைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா மூன்றாவது முறை கூப்பிடும்போதுதான் இன்னொரு கால் இருப்பது ஞாபகம் வரும்.

அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் இல்லை. வேகமாகப் போகிறவர்கள் எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறார்கள்?

அம்மாவுக்குச் சாவிக் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து கிணுகிணுக்கும். பின்னறையில் உருண்டையின் மரத்தொட்டில் இருந்தது. உருண்டை என்பது நத்தையின் தம்பி. இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. பெயருக்கேற்ற உடம்பு. தொட்டிலில் கட்டியிருக்கும் பாட்டுக் காலுறையைக் கடித்துக்கொண்டே தூங்குவான். அந்தக் காலுறையிலிருந்து அப்பாவின் தாலாட்டு வரும். அது முடிவதற்குள் உருண்டையின் குறட்டை ஆரம்பித்துவிடும்.

அப்பா கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் போன் வேலை செய்யாது. கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்தைத் தொட்டால்தான் வீட்டோடு பேச முடியும். அதனால் நத்தை அம்மாவின் போனில் உருண்டையைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பாள். குப்புற விழுந்தது, முதல் சிரிப்பு, முதல் பல், போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. எல்லாம் தானாகவே அம்மாவின் மேகக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். கரையைத் தொட்டதும் அப்பா முதலில் திறப்பது அதைத்தான்.

மேகம் என்றால் நிஜ மேகம் இல்லை, எங்கேயோ இருக்கும் பெரிய பெரிய கணினிகள் என்று நத்தைக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு மேலே ஒரு வெள்ளை மேகம் மெதுவாகப் போனால், அதற்குள்ளே உருண்டை சிரித்துக்கொண்டு மிதப்பதாக நினைத்துக்கொள்வாள். நினைப்பதற்குக் காசா, பணமா?

அன்று சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. மறுநாள் காலை அப்பாவின் கப்பல் கரைக்கு வருகிறது. படங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அம்மா போனைத் திறந்தாள்.

"நத்தை, இதெல்லாம் நீ எடுத்ததா?"

நத்தை எட்டிப் பார்த்தாள்.

முதல் படத்தில் ஓர் இளஞ்சிவப்பு மலை. அதன் உச்சியில் வெளிச்சம். அடுத்த படத்தில் இருட்டுக் குகை, வாசலில் இரண்டே இரண்டு வெள்ளைக் கற்கள். அப்புறம் ஒரு கறுப்பு அருவி. அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் சுழலும் இறக்கைகள். அப்புறம் நேர்நேராக நிற்கும் நீலக் கம்பிகள்.

"நான் எடுக்கலம்மா. ஆனா அழகா இருக்கு. கனவு காணும்போது இப்படித்தான் தெரியும்."

"நீயும் எடுக்கல, நானும் எடுக்கல. அப்ப யாரு எடுத்தா?" அம்மாவின் குரல் மாறிவிட்டது. உடனே மாமாவைக் கூப்பிட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. கணினி மேசை விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். கணினி இல்லை, மேசை. ஆனாலும் குடும்பத்தில் யாருடைய போனுக்குச் சளி பிடித்தாலும் அவர்தான் வைத்தியர்.

நனைந்த குடையை மடக்கிக்கொண்டே வந்தவர், படங்களைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"அக்கா, சந்தேகமே இல்ல. உன் கணக்குல எவனோ புகுந்துட்டான்."

"ஐயையோ! என்னடா சொல்ற?"

"இந்தக் கம்பியைப் பாரு. ஜெயில் கம்பி! ஏற்கெனவே மாட்டினவன்தான். உள்ளே இருந்துக்கிட்டே திருடுறான்."

நத்தை படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா, எல்லாப் படத்துலயும் ஓரத்துல சிவப்பா முடி மாதிரி ஏதோ இருக்கே?"

மாமா உற்றுப் பார்த்தார். "தாடி! திருடனோட தாடிதான் படத்துல விழுந்திருக்கு. சிவப்புத் தாடி!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் பூட்டு மாத்திக் குடுக்கறேன். என் வீட்டுக்குள்ளேயே திருடனா?"

மாமா கணக்கின் அமைப்புகளைத் திறந்தார். இந்தக் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று அதில் ஒரு பக்கம் காட்டியது. முதலில் அம்மாவின் போன். அடுத்தது அப்பாவின் போன். மூன்றாவதாக ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர்.

"அக்கா, வீட்டுல மொத்தம் எத்தனை போன்?"

"என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு. அவ்வளவுதான்."

"அப்ப இந்த மூணாவது?" மாமா இன்னும் நெருங்கிப் படித்தார். "இருக்கும் இடம், அருகில்னு போட்டிருக்கு. அருகில்! அக்கா, திருடன் பக்கத்துலதான் இருக்கான்!"

மாமாவின் கண்கள் மெல்ல மேலே போயின. மாடியில் புதிதாக ஒருவர் குடிவந்திருந்தார். எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருப்பார்.

"அவர்தான்," என்றார் மாமா.

"அவருக்குத் தாடியே இல்லையே மாமா," என்றாள் நத்தை.

"நேத்து எடுத்திருப்பாரு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப என்னடா பண்றது?"

"கணக்கையே அழிச்சிடு. சுத்தமா, ஒண்ணு விடாம. உருண்டையோட படமெல்லாம் அவன் கையில இருக்கு. அதை வெச்சு என்ன பண்ணுவானோ, யாரு கண்டா? அழிச்சாத்தான் நிம்மதி."

"படமெல்லாம் போயிடுமே!"

"போனா போகட்டும். வேற எடுத்துக்கலாம்."

வேறு எடுத்துக்கொள்வதா? முதல் சிரிப்பை இரண்டாவது தடவை எப்படிச் சிரிப்பது? அப்பா இரண்டு மாதமாக எத்தனை பேருக்கோ சமைத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் படங்களை நினைத்துக்கொண்டே வந்துகொண்டிருப்பார். காலையில் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

அம்மா பயத்தில் மெல்லத் தலையாட்டினாள். மாமாவின் விரல் நீண்டது.

"மாமா, கொஞ்சம் இருங்க!"

"நான் இருப்பேன், திருடன் இருப்பானா?"

"அழிச்சுட்டா திரும்ப வராது. ஒரே ஒரு நிமிஷம் குடுங்க." நத்தை போனை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள். வழக்கம்போல மெதுவாகப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு சொல்லாக. மாமா காலைத் தட்டினார், பெருமூச்சு விட்டார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

அப்போது வாசலில் யாரோ குடையை உதறினார்கள். மாடி வீட்டுக்காரர்! கையில் ஒரு சாவி.

"அக்கா, இதுக்கு இன்னொரு சாவி செஞ்சு குடுக்க முடியுமா?"

"எத்தனை வீட்டுக்குச் சாவி வேணுமாம் உங்களுக்கு?" என்று முறைத்தார் மாமா.

மாடி வீட்டுக்காரர் பாவம், விழித்தார். "எங்க வீட்டுக்குத்தான். ஒண்ணு போதும்."

"மாமா," நத்தை எழுந்து வந்து அவர் காதில் மெதுவாகச் சொன்னாள். "இங்க பாருங்க. மூணாவது போனுக்குக் கீழே 'ஒலிக்கச் செய்'னு ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா அந்தப் போன் எங்கே இருந்தாலும் மணி அடிக்கும். அடிச்சுப் பாக்கலாம். இவர் போன்தான்னா இங்கேயே அடிக்கும். இல்லன்னா நாம இவரைத் திட்டினது தப்புதானே?"

"திருடன் உஷாராயிடுவானே!"

"ஆகட்டும். யாருன்னு தெரியாம ஒருத்தரைத் திருடன்னு சொல்றதுக்கு அது பரவாயில்ல."

அம்மா நிமிர்ந்து நத்தையைப் பார்த்தாள். "அழுத்துடி," என்றாள்.

நத்தை அழுத்தினாள்.

எல்லாரும் மாடி வீட்டுக்காரரின் சட்டைப் பையையே பார்த்தார்கள். அவரும் எதற்கென்று தெரியாமல் தன் பையைப் பார்த்துக்கொண்டார். அதில் சத்தமே இல்லை.

டிரிங்... டிரிங்... டிரிங்!

சத்தம் பின்னறையிலிருந்து வந்தது. மாமா குடையை வாள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் வந்தார்.

பின்னறையில் நீலக் கம்பி போட்ட தொட்டிலுக்குள் உருண்டை உட்கார்ந்திருந்தான். அவன் கையில் பாட்டுக் காலுறை. அப்பாவின் பழைய சிவப்புக் கம்பளிக் காலுறை. அதுதான் அலறிக்கொண்டிருந்தது. உருண்டை அதைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் பழைய போன்!" என்று கத்தினாள் அம்மா.

புதுப் போன் வாங்கியதும், அப்பாவின் தாலாட்டைப் போடுவதற்காகப் பழைய போனை அந்தக் காலுறைக்குள் போட்டுக் கட்டியவள் அவள்தான். பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று கம்பளியில் ஓர் ஓட்டையும் வெட்டியிருந்தாள். அடிக்கடி திறக்க வேண்டுமே என்று பூட்டையும் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அது பாட்டுக் காலுறை ஆகிவிட்டது. அது ஒரு போன் என்பதே வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. எத்தனை போன் என்று கேட்டால், காலுறையை யாராவது எண்ணுவார்களா?

உருண்டை மறுபடியும் காலுறையைக் கடித்தான். உள்ளே 'க்ளிக்' என்றது. அம்மாவின் போனில் புதிய படம் ஒன்று மெல்ல வந்து சேர்ந்தது. இருட்டுக் குகை, வாசலில் இரண்டு வெள்ளைக் கற்கள்.

"அது பல்லு!" என்றாள் நத்தை. "அப்ப அந்த மலை..."

"கட்டை விரல்," என்றாள் அம்மா, உருண்டையின் காலைத் தூக்கிக் காட்டி. "இறக்கை, மேலே சுத்துற ஃபேன். தாடி, இந்த ஓட்டையோட கம்பளிப் பிசிறு."

கறுப்பு அருவிதான் யாருக்கும் புரியவில்லை. நத்தை தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். அவளுடைய நீளமான முடி முன்னால் சரிந்து உருண்டையின் முகத்துக்கு நேரே தொங்கியது. 'க்ளிக்'.

"சிவப்புத் தாடித் திருடனைப் பிடிச்சாச்சு மாமா," என்றாள் நத்தை.

மாமா குடையைக் கீழே வைத்தார். அசடு வழிந்தது. மாடி வீட்டுக்காரரிடம் திரும்பி, "மன்னிச்சுடுங்க சார். ஒரு சின்ன சந்தேகம்," என்றார்.

"என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல. உங்களுக்குத் தாடி நல்லா இருக்கும்னு தோணிச்சு."

அம்மா அவருக்குச் சாவி செய்து கொடுத்தாள். அப்புறம் பழைய போனுக்குப் பூட்டுப் போட்டாள். பூட்டினாலும் கேமரா மட்டும் வேலை செய்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். காலுறையைத் தொட்டிலுக்கு வெளியே, உருண்டையின் கை எட்டும், வாய் எட்டாது என்கிற உயரத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"இந்தக் கலங்கல் படத்தையெல்லாம் எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இதுவும் அவன் எடுத்த முதல் படம்தானே? அப்பா பாக்கட்டும்."

மறுநாள் காலை போன் அடித்தது. அப்பா! பின்னால் கடற்பறவைகளின் சத்தம். நத்தை நடந்ததையெல்லாம் சொன்னாள். மாமா குடையைத் தூக்கியதைச் சொன்னபோது அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. ஒண்ணு சொல்லட்டுமா? நீ அனுப்புற படத்துல எல்லாம் உருண்டை இருப்பான். அம்மா இருப்பா. நீ மட்டும் இருக்க மாட்டே. எடுக்கிறதே நீதானே? நானும் ஒவ்வொரு தடவையும் தேடிப் பாப்பேன். கண்ணாடியில, ஜன்னல்ல, எங்கேயாவது தெரியறியான்னு."

நத்தை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை பாதிப் படத்துல நீதான்டா இருக்கே. உன் முடி, கலங்கலா உன் மூக்கு, உன் கை. கடைசியா வந்த படத்துல முழு முகமும் விழுந்திருக்கு. தலைகீழா, சிரிச்சுக்கிட்டு. நீ அவனை எப்படிப் பாக்கறேன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

பேசி முடித்ததும் நத்தை நேராகத் தொட்டிலுக்குப் போனாள். உருண்டை காலுறையை இரண்டு கைகளாலும் பிடித்தான். நத்தை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அவன் அமுக்கும்வரை அசையாமல் நின்றாள்.